நகத்தில் குழி, காலையில் மடங்காத விரல்: சொரியாசிஸ் வந்த கையோடு வேலை செய்ய முடியுமா?

பண்ருட்டிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு பெண் தன் அம்மாவுக்காகக் கேட்டிருக்கிறார். அம்மாவுக்கு 52 வயது. முந்திரிக்கொட்டை உடைப்பதும், பருப்பில் ஒட்டியிருக்கும் தோலை உரிப்பதும் தொழில். 2 வருடமாகக் கைநகங்களில் பொடிப்பொடியாகக் குழி விழுகிறது. 3 நகங்கள் நுனியில் சதையை விட்டுத் தூக்கிக்கொண்டு மஞ்சளாக நிற்கின்றன. முழங்கையில் வெள்ளைச் செதில் உதிர்கிறது. மருந்துக் கடையில் நகச்சொத்தை என்று சொல்லிக் கொடுத்த பூஞ்சை மாத்திரையை 5 மாதம் சாப்பிட்டும் மாற்றமில்லை. இப்போது ஒரு டாக்டர், "இது சொரியாசிஸ், ஆட்டோ இம்யூன், உடம்பே உடம்பைத் தாக்குது" என்று சொல்லிவிட்டார். நகம் பழையபடி வருமா, என்ன தடவலாம், எதைச் சாப்பிடக் கூடாது, எனக்கும் வருமா என்று நான்கு கேள்விகள். வேலையை விடச் சொல்கிறார்களே, விட்டால் வீடு எப்படி நடக்கும் என்று ஒரு கவலை. இவற்றுக்கு நடுவே ஒரே ஒரு வரி: "காலைல எந்திரிச்சதும் விரல மடக்க முடியல, வேலை செஞ்ச வலின்னு அம்மா சொல்றாங்க."

நகத்தைப் பற்றித்தான் கேட்டிருக்கிறீர்கள். ஆனால் அடியில் இருக்கும் கேள்வி, இந்தக் கையை வைத்துக்கொண்டு அம்மா இன்னும் எத்தனை நாள் பிழைக்க முடியும் என்பதுதான் என்று எனக்குப் படுகிறது. அந்தக் கேள்விக்கான விடை நகத்தில் பாதிதான் இருக்கிறது. மீதிப் பாதி, நீங்கள் போகிற போக்கில் எழுதிய அந்த விரல் வலியில் இருக்கிறது. நான் தோல் மருத்துவம் படித்துப் புதுச்சேரியில் பல வருடமாகப் பார்த்து வருகிறேன். கடலூர், பண்ருட்டி, விழுப்புரம் பக்கமிருந்து வருபவர்களே என்னிடம் அதிகம். அம்மாவின் கையை நான் நேரில் பார்க்கவில்லை. அதனால் நோய் இன்னதுதான் என்று இங்கிருந்து முத்திரை குத்த மாட்டேன். நீங்கள் சொன்ன அடையாளங்கள் சொரியாசிஸோடு நன்றாகப் பொருந்துகின்றன, அதை வைத்துப் பேசுகிறேன்.

முதலில் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். தோலின் அடியடுக்கில் பிறக்கும் செல் மேலே வந்து உதிர்வதற்குச் சாதாரணமாக 4 வாரம் ஆகும். சொரியாசிஸில் அது சில நாட்களிலேயே மேலே வந்துவிடுகிறது. பக்குவப்படாத செல்கள் அடுக்கடுக்காகச் சேர்வதுதான் அந்த வெள்ளைச் செதில். அவசரப்படுத்துவது நம் ரத்தத்தில் இருக்கும் டி செல்கள் போன்ற நோய் எதிர்ப்புச் செல்களும், அவை சுரக்கும் ஐ.எல். 17, ஐ.எல். 23, டி.என்.எஃப் போன்ற புரதங்களும். இதுவரை உறுதி. இவை எந்தப் பொருளைப் பகையாக நினைத்துக் கிளம்புகின்றன என்பது இன்னும் முழுசாகத் தீரவில்லை. அதனால் சொரியாசிஸை அசல் ஆட்டோ இம்யூன் நோய் என்று சொல்லலாமா, நோய் எதிர்ப்பு மண்டலம் தடுமாறுவதால் வரும் அழற்சி என்று சொல்வதுதான் சரியா என்று மருத்துவர்களிடையே இன்னும் பேச்சு இருக்கிறது. வைத்தியத்தைப் பொறுத்தவரை அந்த வாதத்தால் அம்மாவுக்கு எந்த வித்தியாசமும் வராது. "உடம்பே உடம்பைத் தாக்குது" என்று கேட்டதும் அம்மா பயந்திருப்பார். எதிர்ப்புச் சக்தி போய்விட்டது என்று அதற்கு அர்த்தம் இல்லை. ஒரு குறிப்பிட்ட இடத்தில் அது தேவைக்கு மேல் வேலை செய்கிறது, அவ்வளவுதான்.

நகத்தின் வேர் நம் கண்ணுக்குத் தெரியாது. நகம் தொடங்கும் இடத்தில் தோல் மடிப்புக்குக் கீழே, விரலின் கடைசி மூட்டை ஒட்டி இருக்கிறது. அழற்சி அந்த வேரில் இருந்தால், அங்கங்கே பக்குவப்படாத செல்கள் நகத்தின் மேல்பரப்பில் உதிர்ந்துபோய், ஊசி முனையால் குத்தி எடுத்தது போல் குழி விழுகிறது. நகத்துக்கு அடியில் இருக்கும் சதையில் அழற்சி இருந்தால் நகம் ஒட்டு விட்டுத் தூக்குகிறது. கைநகம் மாதத்துக்குச் சுமார் 3 மில்லிமீட்டர்தான் வளரும். அடியிலிருந்து நுனிவரை ஒரு நகம் முழுசாக மாற 6 மாதம் ஆகும். கால் பெருவிரல் நகத்துக்கு ஒன்று முதல் ஒன்றரை வருடம். அதாவது இன்று நகத்தின் நடுவில் தெரியும் குழி, இரண்டு மூன்று மாதத்துக்கு முன்னால் வேரில் நடந்த தொந்தரவின் அடையாளம். எந்த மருந்தும் அந்தக் குழியை நிரப்பாது. வேர் அடங்கினால், புதிதாக வரும் பகுதி சுத்தமாக வரும், பழையது முன்னால் நகர்ந்து வெட்டுப்படும். ஒரு மாதம் மருந்து போட்டுவிட்டு "ஒண்ணும் கேக்கல" என்று டாக்டரை மாற்றுபவர்கள் ஏராளம். ஆகவே மாதா மாதம் ஒரே தேதியில், வாசலில் வெளிச்சம் நேராக விழும் இடத்தில் உட்காரவைத்துப் பத்து விரலையும் போனில் படம் எடுத்து வையுங்கள். நாலாவது மாதப் படத்தை முதல் படத்தோடு வைத்துப் பாருங்கள். மாற்றம் நகத்தின் அடிப்பகுதியில்தான் முதலில் தெரியும்.

நகம் பழையபடி வருமா என்ற கேள்விக்கு: சொரியாசிஸ் பொதுவாக நக வேரைத் தழும்பாக்கிக் கெடுப்பதில்லை. அதனால் வாய்ப்பு நன்றாகவே இருக்கிறது. ஆனால் நோய் நிரந்தரமாகப் போய்விடும் என்று உறுதி தர முடியாது. அடங்கும், சில மாதமோ சில வருடமோ கழித்துத் திரும்ப எட்டிப் பார்க்கும். சர்க்கரை, பிரஷர் மாதிரிக் கட்டுக்குள் வைத்துக்கொள்ளும் நோய் இது.

பூஞ்சை மாத்திரை விஷயத்தில் எனக்கு வருத்தம் உண்டு. பூஞ்சையிலும் நகம் தடிக்கும், மஞ்சளாகும், தூக்கும். கண்ணால் மட்டும் பார்த்துப் பிரிப்பது அனுபவமுள்ளவர்களுக்கே சில சமயம் கடினம். ஆனால் கைநகங்கள் பலவற்றில் ஒரே நேரத்தில் குழி, தூக்கிய பகுதியின் ஓரத்தில் செந்தவிட்டு நிறத்தில் ஒரு கோடு, நகத்துக்கு அடியில் எண்ணெய் ஊறியதாகத் தோன்றும் திட்டு, கூடவே முழங்கையிலோ தலையிலோ காதுக்குப் பின்னாலோ தொப்புளிலோ செதில் என்றால், சொரியாசிஸ் பக்கம்தான் சாயும். நகத்தை வெட்டி, அடியில் இருக்கும் மாவையும் சுரண்டி, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் ஊறவைத்து மைக்ராஸ்கோப்பில் பார்க்கும் எளிய பரிசோதனை இருக்கிறது. அதைச் செய்யாமல் மாதக்கணக்கில் பூஞ்சை மாத்திரை சாப்பிடக் கூடாது. அந்த மாத்திரைகள் சிலருக்கு ஈரலைப் பாதிக்கும். இதில் ஒரு சிக்கலும் உண்டு: சொரியாசிஸ் வந்த நகத்தில் பூஞ்சையும் சேர்ந்து குடியேறலாம். அதனால் "இதா அதா" என்று ஒன்றை மட்டும் தேடாமல், அம்மாவுக்கு ஒரு தடவையாவது அந்தப் பரிசோதனையைச் செய்துவிடச் சொல்லுங்கள்.

இப்போது விரல் வலி. நகத்தில் சொரியாசிஸ் இருப்பவர்களுக்கு மூட்டிலும் அது இறங்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். விரலை நிமிர்த்தும் தசைநார் கடைசி மூட்டில் வந்து சேரும் இடமும் நக வேரும் கிட்டத்தட்ட ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. ஒன்றில் அழற்சி வந்தால் மற்றதும் அதில் மாட்டிக்கொள்ளும். வேலை செய்த அலுப்பு ராத்திரி ஓய்வெடுத்தால் குறையும். அழற்சி வலி ஓய்வெடுத்தால் கூடும், வேலை செய்யச் செய்யத் தளரும். காலையில் எழுந்து அரை மணி நேரத்துக்கு மேல் விரல் மடங்கவில்லை என்றால், அது வேலை வலி என்று விட்டுவிடக் கூடாது. அம்மாவிடம் இன்னும் சிலதைக் கேளுங்கள். ஏதாவது ஒரு விரல் முழுக்கத் தடித்து வீங்கியதா? குதிகாலில் காலையில் முதல் அடி வைக்கும்போது வலிக்கிறதா? விடியற்காலை இடுப்பு வலியில் விழிப்பு வருகிறதா? இவற்றில் ஒன்றுக்கு "ஆமாம்" என்றாலும் மூட்டு நோய் மருத்துவரிடம் காட்டுவதைத் தள்ளிப்போடாதீர்கள். 6 மாதம் தாமதித்தால்கூட மூட்டில் நிரந்தரச் சேதம் அதிகமாகிறது என்பது ஆய்வுகளில் தெரிந்த விஷயம். நகம் வளர்ந்து மாறிவிடும். அரித்துப்போன மூட்டு திரும்ப வளராது. இன்னொன்று, ரத்தத்தில் முடக்குவாதத்துக்கான ஆர்.ஏ. ஃபேக்டர் பார்த்து "நெகட்டிவ், வாதம் இல்லை" என்று அனுப்பிவிடுவார்கள். சொரியாசிஸ் மூட்டு வாதத்தில் அந்த டெஸ்ட் பெரும்பாலும் நெகட்டிவாகத்தான் இருக்கும். நம் பக்கத்தில் சிக்குன்குனியா வந்துபோனதிலிருந்து எந்த மூட்டு வலியையும் அதன் கணக்கில் எழுதிவிடும் பழக்கமும் இருக்கிறது. நகத்தில் குழி இருப்பவர்களுக்கு அந்தக் கணக்கை நான் ஏற்பதில்லை.

வேலை. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அம்மாவின் தொழிலே நோய்க்குத் தீனி போடுகிறது. 1870களில் ஹைன்ரிஷ் கோப்னர் என்ற ஜெர்மன் தோல் மருத்துவர் ஒன்றைக் கவனித்து எழுதினார்: சொரியாசிஸ் உள்ளவருக்குத் தோலில் கீறலோ காயமோ பட்டால், 10, 20 நாளில் அந்த இடத்திலேயே புதிதாகச் சொரியாசிஸ் முளைக்கிறது. இன்றும் அவர் பெயரில்தான் அதைச் சொல்கிறோம். நகமும் விரல் நுனியும் இதற்கு விலக்கில்லை. முந்திரி ஓட்டில் இருக்கும் எண்ணெய் தோலை அரிக்கும், கறுப்பாக்கும், உரியவைக்கும். அதன் மேல், வறுத்த பருப்பின் தோலை நகத்தாலேயே சுரண்டி உரிக்கும்போது நாள் பூராவும் நக நுனி நெம்பப்படுகிறது. ஏற்கெனவே ஒட்டு விட்ட நகத்தை ஒவ்வொரு பருப்பும் இன்னும் கொஞ்சம் தூக்கிவிடுகிறது. நான் பார்த்த பெண்களில் பலருக்கு வலது கைப் பெருவிரலும் ஆள்காட்டி விரலும்தான் அதிகம் பாதிக்கப்பட்டிருந்தன, எந்தக் கையால் உரிக்கிறார்களோ அந்தக் கை. அம்மாவுக்கும் அப்படியா என்று பாருங்கள்.

வேலையை விடச் சொல்வது சுலபம், அதை நான் சொல்ல மாட்டேன். ஓடு உடைக்கும் இடத்திலிருந்து தரம் பிரிக்கும் இடத்துக்கு மாற முடியுமா என்று மேஸ்திரியிடம் கேட்டுப் பாருங்கள், ஒரு டாக்டர் சீட்டு இருந்தால் சில இடங்களில் மாற்றித் தருகிறார்கள். தோல் உரித்துத்தான் ஆக வேண்டும் என்றால் நகத்தை விட்டுவிட்டு மழுங்கிய சின்னக் கத்தி. ஓடு உடைப்பதென்றால் உள்ளே மெல்லிய பருத்திக் கையுறை, வெளியே ரப்பர் அல்லது நைட்ரைல் கையுறை. வெறும் ரப்பரை மட்டும் போட்டால் இந்த வெக்கையில் உள்ளே வேர்த்து ஊறி இன்னும் கெடும். பருத்திக் கையுறை இரண்டு மூன்று ஜோடி இருந்தால் நனைந்ததை மாற்றிக்கொள்ளலாம். கையுறை போட்டால் வேகம் குறையும், கிலோக் கணக்கில் கூலி வாங்குபவர்களுக்கு அது நேரடி நஷ்டம் என்பது எனக்குத் தெரியும். குறைந்தபட்சம் மோசமான விரல்களுக்கு மட்டுமாவது துணிப் பிளாஸ்டர் சுற்றிக்கொள்ளட்டும். கையில் விளக்கெண்ணெய் தடவிக்கொண்டு உட்காரும் பழைய பழக்கம் நல்லதுதான், விடவேண்டாம். சாம்பல் வேண்டாம், அது தோலைக் காயவைத்து வெடிக்கவைக்கும். வேலை முடிந்ததும் ஓட்டு எண்ணெய் போகச் சோப்பைப் போட்டுத் தேய்க்காமல், முதலில் தேங்காய் எண்ணெய் தடவித் துடைத்துவிட்டு, பிறகு மிதமான சோப்பு.

வீட்டில் செய்ய வேண்டியவை பெரிய செலவில்லாதவை. நகத்தை ஒட்ட வெட்டி வைக்க வேண்டும், தூக்கிய பகுதி எவ்வளவு குறைவாக வெளியே நீட்டுகிறதோ அவ்வளவு குறைவாக அது மாட்டி நெம்பும். அடியில் அழுக்கு தெரிகிறதென்று ஊசி, குச்சி, ஊக்கு எதையும் உள்ளே விட்டுக் குடையக் கூடாது. பலபேர் செய்யும் தவறு இதுதான், ஒவ்வொரு தடவை குடையும்போதும் ஒட்டியிருக்கும் இடம் இன்னும் பின்னால் போகிறது. நகம் தொடங்கும் இடத்தில் தோல் மெலிதாக நகத்தின் மேல் ஏறி ஒட்டியிருக்குமே, அதை வெட்டவோ தள்ளவோ வேண்டாம். தண்ணீரும் கிருமியும் வேருக்குப் போகாமல் காக்கும் கதவு அதுதான். பாத்திரம் தேய்ப்பதும் மீன் கழுவுவதும் வீட்டில் வேறு யாராவது எடுத்துக்கொண்டால் பாதி வைத்தியம் அங்கேயே ஆகிவிடும். அதை நீங்களே செய்யலாம், உங்கள் அண்ணன் தம்பி இருந்தால் அவர்களும் செய்யலாம். குளித்துத் துடைத்த ஈரம் காய்வதற்குள் கைகளுக்கு வாசலின் அல்லது தேங்காய் எண்ணெய். ராத்திரி படுக்கும்போது நக மடிப்பில் வாசலினை நன்றாகத் தேய்த்துப் பருத்திக் கையுறையோடு தூங்கலாம். மார்கழி, தை மாதங்களில் காற்று காய்ந்திருக்கும்போது இதை இரண்டு பங்காகச் செய்ய வேண்டும், அப்போதுதான் பலருக்கும் கூடுகிறது. மருதாணி இலை அரைத்து வைப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. கடையில் விற்கும் உடனே கறுக்கும் கோன் வேண்டவே வேண்டாம், அதில் கலக்கும் தலைமுடிச் சாய ரசாயனம் கடுமையான அலர்ஜியைக் கிளப்பும்.

மருந்துகளைப் பொறுத்தவரை எது என்ன செய்யும் என்று சொல்கிறேன், எது அம்மாவுக்கு என்பதை நேரில் பார்ப்பவர் சொல்லட்டும். ஒன்றிரண்டு நகம் மட்டும் என்றால் வீரியமான ஸ்டீராய்டு களிம்பையும் கால்சிபோட்ரியால் என்ற வைட்டமின் டி வகைக் களிம்பையும் நக மடிப்பில் தடவச் சொல்வோம். நகத்தின் மேல் தடவி ஒன்றும் ஆகாது, வேர் மடிப்புக்குக் கீழேதான் இருக்கிறது. ஸ்டீராய்டு களிம்பைக் கணக்கில்லாமல் மாதக்கணக்கில் தடவினால் விரல் நுனித் தோல் காகிதமாக மெலிந்துவிடும். நக வேரருகே ஸ்டீராய்டு ஊசி போடுவதும் உண்டு. பலன் தரும், ஆனால் வலிக்கும், மரத்துப்போக ஊசி போட்டுவிட்டுத்தான் செய்ய வேண்டும். நகம் பல, மூட்டும் சேர்ந்திருக்கிறது என்றால் களிம்பு போதாது, மாத்திரைக்குப் போக வேண்டியிருக்கும். நம் நாட்டில் அதிகம் பயன்படுவது மெத்தோட்ரெக்சேட். விலை குறைவு, பல வருட அனுபவம் இருக்கிறது. அதைப் பற்றி ஒரு விஷயத்தை மட்டும் சுவரில் எழுதி ஒட்டுங்கள்: அது வாரத்தில் ஒரே நாள் மட்டும் சாப்பிடும் மாத்திரை. தினமும் சாப்பிட்டால் ரத்த அணுக்கள் சரிந்து உயிருக்கே ஆபத்து. இந்தக் குழப்பத்தால் இறந்தவர்கள் உண்டு. நான் சீட்டில் கிழமையைத் தமிழில் பெரிதாக எழுதி அதைச் சுற்றி வட்டம் போட்டுத்தான் கொடுப்பேன். தொடங்கும் முன்பும், பிறகு குறிப்பிட்ட இடைவெளியிலும் ரத்த அணுக்கள், ஈரல், சிறுநீரகம் பார்க்க வேண்டும். கூடவே வேறொரு நாளில் ஃபோலிக் ஆசிட். வாயில் புண்ணும் காய்ச்சலும் சேர்ந்து வந்தால் மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றே டாக்டரிடம் ஓட வேண்டும். வேறு எந்த டாக்டர் ஆன்டிபயாடிக் எழுதினாலும் இதைச் சாப்பிடுவதாகச் சொல்ல வேண்டும், கோ-ட்ரைமாக்சசோல் மாதிரியானவை இதோடு சேரக் கூடாது. குழந்தை பெறும் வயதில் இருப்பவர்கள் கர்ப்பத்துக்குத் திட்டமிடும்போது இதைச் சாப்பிடவே கூடாது. இதற்கு அடங்காவிட்டால் டி.என்.எஃப், ஐ.எல். 17 புரதங்களைத் தடுக்கும் ஊசிகள் இருக்கின்றன. நகத்துக்கும் மூட்டுக்கும் நல்ல பலன் தருபவை, விலைதான் தடை. இந்தியாவிலேயே தயாராகும் வகைகள் வந்த பிறகு கொஞ்சம் எட்டும் தூரத்துக்கு வந்திருக்கிறது. அவற்றுக்கு முன் காசநோய் மறைந்திருக்கிறதா என்று கட்டாயம் பார்க்க வேண்டும்.

செய்யக் கூடாத ஒன்று: "ஊசி போட்டா ரெண்டே நாள்ல மறையும்" என்ற பேச்சை நம்பி உடம்பு முழுக்கப் பரவும் ஸ்டீராய்டு ஊசியோ மாத்திரையோ வாங்கிக்கொள்வது. உண்மையிலேயே மறையும். நிறுத்தியதும் உடம்பெல்லாம் சிவந்து, சீழ்க் கொப்புளமாகப் பொங்கி வருவதைப் பார்த்திருக்கிறேன். ஆஸ்பத்திரியில் படுக்கவைக்க வேண்டிய நிலை அது. ஸ்டீராய்டு களிம்புகளைச் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று 2018-ல் மத்திய அரசு 14 வகைகளுக்கு விதியை இறுக்கியது. கடைகளில் இன்னும் கேட்டால் கிடைக்கிறது என்பதுதான் நிலைமை.

சித்த வைத்தியம் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் யாராவது வெட்பாலைத் தைலத்தைச் சொல்லியிருப்பார்கள். வெட்பாலை இலையைத் தேங்காய் எண்ணெயில் போட்டு வெயிலில் வைத்தால் எண்ணெய் ஊதா நிறத்துக்கு மாறுமே, அதுதான். காளாஞ்சகப் படை என்ற பெயரில் சித்த மருத்துவர்கள் சொரியாசிஸுக்குக் காலங்காலமாகத் தடவக் கொடுப்பது. தோலை மிருதுவாக்குகிறது, செதில் உதிர்கிறது, பயன்படுத்துவதால் கெடுதல் ஏற்பட்டு வந்தவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. நக வேரை அடக்கும் என்பதற்கோ மூட்டைக் காக்கும் என்பதற்கோ உறுதியான சான்று இல்லை. தடவிக்கொள்ளுங்கள், மூட்டு வைத்தியத்துக்குப் பதிலாக வைத்துக்கொள்ளாதீர்கள். பெயர் எழுதாத பொட்டலத்தில் வரும் பொடி, செந்தூரம் மட்டும் வேண்டாம், உள்ளே என்ன கலந்திருக்கிறது என்று தெரியாமல் ஈரல் கெட்டவர்கள் உண்டு.

சாப்பாட்டில் கத்தரிக்காய், கருவாடு, நண்டு, பாகற்காய் என்று ஆளுக்கொரு பட்டியல் வைத்திருப்பார்கள். இவற்றை நிறுத்தினால் சொரியாசிஸ் குறையும் என்பதற்குச் சான்று கிடையாது. அம்மா ஏற்கெனவே உழைத்துக் களைத்தவர், மலிவாகக் கிடைக்கும் மீனையும் காயையும் பிடுங்கிவிடாதீர்கள். ஏதாவது ஒன்றைச் சாப்பிட்ட மறுநாள் அரிப்பு கூடுவதை அவரே திரும்பத் திரும்பக் கவனித்தால் அதை மட்டும் விடலாம். உறுதியாகக் கெடுப்பவை உடல் பருமன், புகை, சாராயம். வெற்றிலைப் புகையிலைப் பழக்கம் இருந்தால் அதையும் இந்தச் சாக்கில் விடுவது நல்லது. இதைப் படிக்கும் ஆண்களுக்கு: புதுச்சேரி எல்லையைத் தாண்டினால் மது மலிவு என்று மெத்தோட்ரெக்சேட்டோடு குடித்தால் ஈரல் இரண்டு பக்கமும் அடி வாங்கும். நகத்துக்கு நல்லது என்று பயோட்டின் மாத்திரை விற்கிறார்கள். சொரியாசிஸ் நகத்துக்கு அது உதவுகிறது என்பதற்கு நல்ல சான்று இல்லை, தைராய்டு போன்ற சில ரத்தப் பரிசோதனை முடிவுகளை அது தப்பாகக் காட்டவைக்கும் என்பது மட்டும் உறுதி. அந்தப் பணத்தில் முட்டையும் கீரையும் வாங்கலாம். பிரஷருக்குப் பீட்டா பிளாக்கர் வகை மாத்திரை, மனநோய்க்கு லித்தியம் சாப்பிடுபவர்களுக்குச் சொரியாசிஸ் கூடலாம். அம்மா ஏதாவது மாத்திரை சாப்பிட்டால் அந்த அட்டையைக் காட்டுங்கள், தானாக நிறுத்த வேண்டாம்.

தொட்டால் ஒட்டாது. ஒரே தட்டில் சாப்பிடலாம், ஒரே சோப்பைப் பயன்படுத்தலாம், பேரப்பிள்ளையைத் தூக்கலாம். இது தொழுநோயும் இல்லை. அந்தச் சந்தேகம் ஊரில் யாருக்காவது இருந்தால், தொழுநோய்த் திட்டில் உணர்ச்சி மரத்துப்போகும், இதில் மரக்காது என்று சொல்லுங்கள். புதுச்சேரி நேரு வீதியில் ஜவுளிக் கடையில் நிற்கும் ஒருவர் என்னிடம் வந்தார். புடவையை விரித்துக் காட்டும்போது பெருவிரலை உள்ளங்கைக்குள் மடக்கி மறைத்துக்கொள்வார், வருடக்கணக்கில் அப்படிச் செய்து அது பழக்கமாகவே ஆகிவிட்டது. என் முன்னாலும் மடக்கியேதான் கையை நீட்டினார். வலியைவிட, வாங்க வருபவர்கள் துணியைத் தொடத் தயங்குவதுதான் தன்னைக் கொல்கிறது என்றார். உங்கள் அம்மா பருப்பைத் தொடக் கூடாது என்று கூட உட்காரும் பெண்கள் சொல்லத் தொடங்கினால், டாக்டரிடமிருந்து "தொற்று நோய் அல்ல" என்று ஒரு சீட்டு எழுதி வாங்கிக் கொடுங்கள். நான் கேட்டவர்களுக்கெல்லாம் எழுதித் தருகிறேன். எனக்கும் வருமா என்ற கேள்விக்கு, பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் பிள்ளைக்கு வரும் வாய்ப்பு ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு. வராமல் போவதற்கே வாய்ப்பு மிக அதிகம். இதை வைத்துக் கல்யாணப் பேச்சைத் தள்ளிப்போட எந்தக் காரணமும் இல்லை.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்காக ஒன்று சொல்லிவிடுகிறேன். நகத்தைக் கெடுக்கும் நோய் எதிர்ப்புக் கோளாறு சொரியாசிஸ் மட்டும் இல்லை. லைக்கன் பிளானஸில் நகம் மெலிந்து, நீளவாக்கில் வரிவரியாகி, நடுவில் பிளக்கும். அது வேரைத் தழும்பாக்கிவிடும், ஒரு முறை தழும்பாகிவிட்டால் நகம் திரும்பாது. ஆகவே அதில்தான் அவசரம் அதிகம். தலையில் வட்ட வட்டமாக முடி கொட்டும் அலோபீசியா அரியேட்டாவிலும் பொடிக் குழிகள் வரும், சிறு பிள்ளைகளுக்கு உப்புத்தாளில் தேய்த்த மாதிரி நகம் சொரசொரப்பாகும். நகத்தின் அடி மடிப்பில் சிவப்பாக மெல்லிய ரத்தக் குழாய்கள் தெரிவது, குளிர்ந்த தண்ணீரில் கை வைத்தால் விரல் வெளுத்து நீலமாவது, விரல் நுனியில் ஆறாத புண், கன்னத்தில் வெயிலில் கூடும் சிவப்பு என்றால் லூபஸ், ஸ்க்ளீரோடெர்மா போன்றவற்றைத் தேட வேண்டும். இவை உள்ளுறுப்புகளையும் பாதிப்பவை. வெயில் விஷயத்தில் இவர்களுக்கும் சொரியாசிஸ்காரர்களுக்கும் நேர் எதிர்: சொரியாசிஸ் உள்ளவர் காலை வெயிலில் கொஞ்ச நேரம் தேவனாம்பட்டினம் கடற்கரையில் நடந்தால் பெரும்பாலும் நல்லதே. லூபஸ் உள்ளவருக்கு அதே வெயில் நோயைக் கிளப்பிவிடும். ஒரே ஒரு நகத்தில் புதிதாக ஒரு கறுப்புக் கோடு வந்து அகலமாகிக்கொண்டே போனால், அது இந்தக் கதையே இல்லை, புற்றுநோய் இல்லை என்று உறுதி செய்துகொள்ள உடனே காட்ட வேண்டும்.

இனி எங்கே போவது. கடலூர் அரசு தலைமை மருத்துவமனையில் முதலில் காட்டலாம். மூட்டு வலி நான் சொன்ன மாதிரி இருந்தால், புதுச்சேரி கோரிமேடு ஜிப்மர் மருத்துவமனையில் தோல் பிரிவும், இந்த வகை மூட்டு நோய்களைப் பார்க்கும் கிளினிக்கல் இம்யூனாலஜி பிரிவும் ஒரே வளாகத்தில் இருக்கின்றன. கூட்டம் இருக்கும், விடியற்காலை பஸ்ஸில் கிளம்பி ஒரு நாள் கூலியை விட்டுத்தான் போக வேண்டும். அந்த ஒரு நாள் வீணாகாமல் இருக்க, இதுவரை சாப்பிட்ட, தடவிய எல்லாவற்றின் அட்டையையும் டியூபையும் ஒரு பையில் போட்டுக்கொள்ளுங்கள், காலியானதாக இருந்தாலும் சரி. பூஞ்சை மாத்திரையை எப்போது நிறுத்தினார் என்ற தேதியைக் குறித்து வையுங்கள், அண்மையில்தான் நிறுத்தினார் என்றால் பூஞ்சைப் பரிசோதனை தப்பாக நெகட்டிவ் காட்டலாம். வீங்கிய விரலை வீங்கியிருக்கும்போதே, விடியற்காலையிலேயே போனில் படம் எடுத்து வையுங்கள், டாக்டர் பார்க்கும் பத்து மணிக்கு வீக்கம் வடிந்திருக்கும். தலையையும் காதுக்குப் பின்னாலும் காட்டச் சொல்லுங்கள், நம் அம்மாக்கள் கையை மட்டும்தான் நீட்டுவார்கள். போவதற்கு இரண்டு நாள் முன்பிருந்து நகத்தில் மருதாணி, எண்ணெய் எதுவும் வேண்டாம். அந்த வாரம் மட்டும் நகத்தை வெட்டாமல் விடுங்கள், பரிசோதனைக்கு அந்தத் தூக்கிய நுனிதான் தேவைப்படும்.